பழைய மோட்டார் கிளைடர் வாங்குமுன் எஞ்சினின் ஆயுள் வரம்பைக் கணக்கிடுவது எப்படி?

"எஞ்சின் 620 மணிதான் ஓடியிருக்கிறது, இன்னும் 1380 மணி பாக்கி" என்று விற்பனை விளம்பரம் சொல்லும். அது பொய்யாக இருக்காது. ஆனால் பாதிக் கணக்குதான். எஞ்சினுக்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று ஓடிய மணியை எண்ணும், மற்றது கடந்த ஆண்டுகளை எண்ணும். எது முதலில் முடிகிறதோ அதுதான் வரம்பு. மோட்டார் கிளைடரில் ஏறக்குறைய எப்போதும் முந்திக்கொள்வது ஆண்டுக் கடிகாரம்தான். மேலே ஏறியதும் எஞ்சினை அணைத்துவிட்டுக் காற்றோட்டத்தில் மிதப்பதற்காகத்தானே இந்த விமானத்தை வாங்குகிறார்கள்!

ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் 912, 914 எஞ்சின் வகைகளை எடுத்துக்கொள்வோம். சூப்பர் டிமோனா எச்.கே.36, ஷைபே ஃபால்கேயின் பிற்கால மாடல்கள், ஷ்டெம்மே எஸ்10-வி.டி. என்று பயண மோட்டார் கிளைடர்களில் பரவலாக இருப்பவை இவைதான். இன்றைய நிலையில் இவற்றின் ஓவர்ஹால் இடைவெளி, அதாவது எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய கால வரம்பு (டி.பி.ஓ.), 2000 மணி அல்லது 15 ஆண்டு. 2000-ஐ 15-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 133 மணி. எஞ்சின் ஆண்டுக்கு 133 மணிக்குக் குறைவாக ஓடினால் மணிக்கணக்கு ஒருநாளும் வரம்பைத் தொடாது. தனியாரிடம் இருக்கும் மோட்டார் கிளைடர் அதில் பாதி ஓடினாலே பெரிது. ஆகவே விளம்பரத்தில் உள்ள மணியை ஓரமாக வைத்துவிட்டு, "இந்த எஞ்சின் முதன்முதலில் ஓடிய தேதி என்ன?" என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.

எண் எல்லா எஞ்சினுக்கும் ஒன்றல்ல

2000 மணி, 15 ஆண்டு என்பது எல்லா 912-க்கும் தானாக வந்துவிடாது. ரோட்டாக்ஸ் இந்த வரம்பைப் படிப்படியாகத்தான் உயர்த்தியது. பழைய வரிசை எண் கொண்ட எஞ்சின்களில் சிலவற்றுக்கு 1200 மணி, சிலவற்றுக்கு 1500 மணி. அவற்றின் ஆண்டு வரம்பும் 15-க்குக் குறைவு. எந்த எண்ணிலிருந்து எந்த வரம்பு, எந்த மாற்றம் செய்தால் நீட்டிப்பு கிடைக்கும் என்பதெல்லாம் அந்தந்த வகைக்கு உற்பத்தியாளர் வெளியிடும் சர்வீஸ் புல்லட்டின் என்ற அறிவிப்பில் உள்ளன. 912-க்கு ஒன்று, 914-க்கு வேறொன்று. புல்லட்டினின் கடைசித் திருத்தத்தை எடுத்து, எஞ்சின் உடலில் பொறித்திருக்கும் வரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். லாக்புக்கில், அதாவது பதிவேட்டில், எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். எஞ்சினை மாற்றிவிட்டுப் பழைய லாக்புக்கிலேயே தொடர்ந்து எழுதிவந்த கதைகள் உண்டு.

பெயரின் வாலையும் கவனியுங்கள். 912 ஏ, 912 எஃப், 912 எஸ் ஆகியவை சான்றிதழ் பெற்றவை. 912 யு.எல்., 912 யு.எல்.எஸ். ஆகியவை சான்றிதழ் இல்லாதவை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் வகைச்சான்றிதழ் (அந்த விமான மாடலின் வடிவமைப்புக்கு அதிகாரிகள் தரும் ஒப்புதல்) பெற்ற மோட்டார் கிளைடரில் யு.எல்.எஸ். எஞ்சினைப் பொருத்திப் பறக்க முடியாது. "பாதி விலைக்கு ஒரு யு.எல்.எஸ். வாங்கி மாட்டிக்கொள்ளலாம்" என்று விற்பவர் ஆறுதல் சொன்னால் அது செல்லாது. வாலில் உள்ள எண்ணும் முக்கியம். 2 என்றால் அலகின் கோணம் மாறாத புரொப்பெல்லரைப் பூட்டும் ஃபிளாஞ்ச், 3 என்றால் அலகின் கோணத்தை மாற்றும் ஹைட்ராலிக் கவர்னரோடு இயங்கும் புரொப்பெல்லருக்கான அமைப்பு. சூப்பர் டிமோனாவில் 912 ஏ3, 912 எஸ்3, 914 எஃப்3 என்று வருவதன் காரணம் இதுதான். 80 குதிரைத்திறன் கொண்ட ஏ3-ஐக் கழற்றிவிட்டு 100 குதிரைத்திறன் கொண்ட எஸ்3-ஐ வைக்க ஆசைப்பட்டால், அது எஞ்சின் மாற்றமல்ல, வடிவமைப்பு மாற்றம். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும்.

கட்டாயமா, பரிந்துரையா?

பேரம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. விற்பவர் "டி.பி.ஓ. வெறும் பரிந்துரை" என்பார். வாங்குபவரின் நண்பர் "15 ஆண்டு முடிந்தால் எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்" என்பார். விமானம் எங்கே பதிவாகியிருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து இருவரில் யாரும் சரியாக இருக்கலாம்.

விடை பராமரிப்புக் கையேட்டின் அத்தியாய எண்ணில் இருக்கிறது. விமானக் கையேடுகளின் பொது வரிசைப்படி 04-ஆம் அத்தியாயம் வான்தகுதி வரம்புகள், 05-ஆம் அத்தியாயம் கால வரம்புகளும் பராமரிப்புச் சோதனைகளும். 04-இல் இருப்பது சட்டம். அதை மீறினால் விமானம் பறக்கத் தகுதியற்றதாகிவிடும். 05-இல் இருப்பது உற்பத்தியாளரின் அறிவுரை. அது சட்டமாகுமா என்பதை நாட்டின் விதியும் விமானத்தின் பராமரிப்புத் திட்டமும் தீர்மானிக்கும். எஞ்சின் கையேட்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். விமானக் கூட்டின் (எஞ்சின் நீங்கலான விமான உடலின்) கையேட்டிலும் 04-ஐத் திறந்து பாருங்கள். எஞ்சின்காரர் பரிந்துரை என்று விட்டதைக் கூட்டைச் செய்தவர் கட்டாயம் என்று எழுதியிருக்கலாம். அடுத்ததாக, எஞ்சின், கூடு, புரொப்பெல்லர் மூன்றுக்கும் வந்திருக்கும் வான்தகுதி ஆணைகளை, அதாவது விமானப் பாதுகாப்பு அதிகாரிகள் பிறப்பிக்கும் கட்டாய உத்தரவுகளை, தேடுங்கள். ஓர் ஆணை ஒரு பாகத்துக்கு ஆயுள் வரம்பு விதித்திருந்தால் அங்கே விவாதமே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 மார்ச் 24 முதல் இலகு விமானங்களுக்கு நடைமுறையில் உள்ளது பார்ட்-எம்.எல். விதித்தொகுப்பு. பராமரிப்பு மேலாண்மை நிறுவனத்தின் கையில் விமானம் இல்லையென்றால், உரிமையாளரே பராமரிப்புத் திட்டத்தை எழுதித் தன் பொறுப்பில் அறிவிக்கலாம். அதில் டி.பி.ஓ.-வைத் தாண்டி, எஞ்சினின் நிலையைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவேன் என்று எழுத இடமுண்டு. வான்தகுதி வரம்புகளிலும் ஆணைகளிலும் மட்டும் கை வைக்க முடியாது. விமானம் ஒரு நிறுவனத்தின் மேலாண்மையில் இருந்தால், திட்டத்துக்கு அந்த நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும். டி.பி.ஓ.-வைத் தாண்ட அவர்கள் சம்மதிப்பார்களா என்பதைப் பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை. வணிக முறையில் பயிற்சி தரும் பள்ளிக்கு அப்படிப்பட்ட மேலாண்மை கட்டாயம் என்பதால், விமானத்தைப் பிற்பாடு பள்ளிக்கு வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் "பரிந்துரைதானே" என்ற வாதத்தை இப்போதே மறந்துவிடலாம்.

அமெரிக்காவிலும் தனியார் பறத்தலில் டி.பி.ஓ. பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் கையேட்டில் வான்தகுதி வரம்புகள் என்ற பகுதி இருந்து, அதில் மாற்றுக் காலம் குறித்திருந்தால் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஸ்பெஷல் லைட்-ஸ்போர்ட் என்ற இலகு விமான வகையில் பதிவானவற்றுக்குக் கயிறு இன்னும் இறுக்கம். அங்கே உற்பத்தியாளரின் பராமரிப்பு நடைமுறைக்கு அதிக எடை உண்டு.

பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தற்போதைய உரிமையாளர் அறிவித்த பராமரிப்புத் திட்டம் அவரோடு போய்விடும். அவர் 17 ஆண்டான எஞ்சினை நிலையைப் பார்த்து ஓட்டினார் என்பதால் உங்களுக்கும் அந்த உரிமை தானாக வராது. நீங்கள் புதிதாக அறிவிக்க வேண்டும். நாடு மாற்றிப் பதிவு செய்வதானால் அந்த நாட்டின் பார்வை வேறாக இருக்கும். காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காகிதங்களில் தேட வேண்டியவை

எஞ்சின் லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். உற்பத்தித் தேதி, பொருத்திய தேதி, முதல் ஓட்டத்தின் தேதி மூன்றையும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உற்பத்திக்கும் முதல் ஓட்டத்துக்கும் இடையே ஓரிரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால், அந்தக் காலத்தில் எஞ்சின் துருப்பிடிக்காதபடி முறையாகப் பதப்படுத்தி வைக்கப்பட்டதா என்பதற்கு ஆவணம் கேளுங்கள். 15 ஆண்டு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதை அந்தப் பகுதியின் ரோட்டாக்ஸ் முகவரிடம் வரிசை எண்ணைக் கொடுத்து உறுதி செய்யலாம்.

"ஓவர்ஹால் ஆனது" என்ற வார்த்தையைக் கண்டால் நின்று நிதானியுங்கள். சிலிண்டரைக் கழற்றி வால்வைத் தேய்த்ததும், கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டியதும் ஓவர்ஹால் அல்ல. கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற பட்டறை முழு எஞ்சினையும் ஓவர்ஹால் செய்ததாக, வேலை முடிந்து தரும் வெளியீட்டுச் சான்றிதழில் எழுதியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் அது ஃபார்ம் 1. அதில் "பழுதுபார்க்கப்பட்டது", "பரிசோதிக்கப்பட்டது" என்று இருந்தால் கடிகாரம் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கிறது.

புரொப்பெல்லர் தரையில் தட்டிய பதிவு உண்டா என்று கூட்டின் லாக்புக்கிலும் புரொப்பெல்லர் லாக்புக்கிலும் தேடுங்கள். புரொப்பெல்லர் மாற்றியதாக இருக்கும், எஞ்சின் லாக்புக்கில் அதே தேதியில் ஒன்றுமே இருக்காது. அப்படியானால் கிராங்க்ஷாஃப்டையும் கியர்பாக்ஸையும் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

15 ஆண்டுக்குள் 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் இன்னொரு வரம்பு ஒளிந்திருக்கிறது. 912, 914 இரண்டிலும் ரப்பர் பாகங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு: கூலன்ட் ஹோஸ்கள், பெட்ரோல் ஹோஸ்கள், ஆயில் ஹோஸ்கள், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் சாக்கெட்டுகள், கார்புரேட்டர் டயஃப்ரம்கள். 912-இன் பெட்ரோல் பம்பும் இதோடு சேரும். 12 ஆண்டான எஞ்சினில் இந்த வேலை இரண்டு முறை நடந்திருக்க வேண்டும். ஒருமுறைதான் பதிவு இருக்கிறதென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். உதிரிபாகத்தைவிடக் கூலிதான் அதிகம். எஸ்10-வி.டி.-யில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது, புரொப்பெல்லரோ மூக்கில். நீண்ட தண்டு ஒன்று நடுவே ஓடுகிறது. அங்கே கையை நுழைக்கவே நேரம் பிடிக்கும். மூக்கில் எஞ்சின் இருக்கும் டிமோனாவுக்கான கூலியை வைத்து இதற்குக் கணக்குப் போடாதீர்கள்.

எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது காசு கொடுத்து வாங்குவது. ரோட்டாக்ஸ் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அரைநாள் அமர்த்திக்கொள்ளுங்கள். விற்பவரின் வழக்கமான மெக்கானிக் வேண்டாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள். இக்னிஷன் இரண்டும் அணைந்திருப்பதை உறுதி செய்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் ஆயில் பாதைக்குள் காற்று புகும். நான்கு சிலிண்டரின் எதிர்ப்பும் ஒரே அளவில் கையில் உணரப்பட வேண்டும். ஆயில் டேங்கில் குமிழும் சத்தம் வரும்வரை சுற்றிய பிறகே அளவுக்குச்சியைப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும்.

பிறகு எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, கசிவுச் சோதனை. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 6 பார் காற்றழுத்தம் கொடுக்கும்போது அழுத்தம் 25 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. எண்ணைவிட, காற்று எங்கே கசிகிறது என்பது முக்கியம். எக்ஸாஸ்டில் சீறினால் வால்வு, ஆயில் டேங்கின் வாயில் சீறினால் பிஸ்டன் வளையம். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுச் சிலிண்டர் சுவரைப் பாருங்கள். மோட்டார் கிளைடர்கள் மாதக்கணக்கில் ஹேங்கரில் கிடப்பவை. ஓடித் தேய்ந்த எஞ்சினைவிட ஓடாமல் துருப்பிடித்த எஞ்சினைத்தான் இங்கே அதிகம் பார்க்கலாம். ஆண்டு வரம்பு என்று ஒன்றை வைத்ததற்கு ரப்பரோடு துருவும் ஒரு காரணம். லாக்புக்கில் "கடந்த 3 ஆண்டில் 9 மணி" என்று கண்டால் குறைந்த மணி என்று மகிழ வேண்டாம்.

ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத்தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஆயிலில் உள்ள இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தப் பிளக்கையும் கழற்றுங்கள். மாவு போன்ற சாம்பல் பசை இருந்தால் பரவாயில்லை. ஊசி வடிவிலோ செதில் வடிவிலோ இரும்பு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த எஞ்சினை மாற்றினாலும், துகள் ஆயில் கூலருக்குள் ஒளிந்திருக்கும். கூலரும் புதிதாக வேண்டும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில் ஓடிய எஞ்சின் என்றால் ஆயில் டேங்கின் அடியில் ஈயச் சேறு படியும். அப்படி ஓடியவற்றுக்கு 100 மணிக்குப் பதில் 50 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பதிவு இருக்க வேண்டும்.

கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, மிதவைகளைத் தராசில் வையுங்கள். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமுக்கு மேல் இருந்தால் அவை பெட்ரோலைக் குடித்துக் கனத்திருக்கின்றன, மாற்ற வேண்டும். ரப்பர் சாக்கெட்டை விரலால் வளைத்து வெடிப்பு தேடுங்கள். 914-இல் கூடுதலாக டர்போவின் தண்டு தடையின்றிச் சுழல்கிறதா, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் கேபிள் ஒட்டாமல் நகர்கிறதா, இரண்டு மின்சாரப் பெட்ரோல் பம்பும் தனித்தனியே அழுத்தம் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ரோட்டாக்ஸ் 912, 914 அல்லாதவை

எச்36 டிமோனா, குரோப் ஜி109-இன் முதல் மாடல் போன்றவற்றில் இருப்பது லிம்பாக் எல்2000. ஃபோக்ஸ்வாகன் கார் எஞ்சினின் வழிவந்த, காற்றால் குளிரும் 80 குதிரைத்திறன் எஞ்சின். ஜி109பி-யில் குரோப்பின் சொந்த 2500 எஞ்சின். இவற்றில் வரம்பு எண்ணைவிட உதிரிபாகம்தான் பெரிய கேள்வி. சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட், ஓவர்ஹால் செய்யும் பட்டறை மூன்றும் இன்று எங்கே கிடைக்கின்றன, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டறிந்த பிறகே விமானத்தைப் பார்க்கப் போங்கள். ஹெட்டில் வெடிப்பு, நீண்டநாள் ஓடாமல் கிடந்ததால் கேம்ஷாஃப்டில் அரிப்பு, இவை இரண்டும் இவ்வகையின் வழக்கமான நோய்கள்.

டூ-ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் 503, 582 பொருத்தியவற்றில் வரம்பு 300 மணி அல்லது 5 ஆண்டு. 10 ஆண்டுப் பழையதை "40 மணிதான் ஓடியது" என்று விற்றால், ஆண்டுக் கணக்கில் அது இரண்டு ஓவர்ஹாலைத் தவறவிட்ட எஞ்சின்.

விலையில் கழிப்பது

மீதி மணியை மொத்த மணியால் வகுங்கள், மீதி ஆண்டை மொத்த ஆண்டால் வகுங்கள். இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 மார்ச்சில் ஓடத் தொடங்கி, 2024 மார்ச்சில் 620 மணியோடு விற்பனைக்கு வந்த 912 எஸ் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மணியில் மீதி 69 சதவீதம், ஆண்டில் மீதி 20 சதவீதம். எஞ்சின் மாற்றும் மொத்தச் செலவு 30,000 யூரோ என்று வைத்தால், விற்பவர் எஞ்சினை 20,700 யூரோவுக்கு மதிப்பார், நாட்காட்டி 6,000 யூரோவுக்கு மதிப்பிடும். 14,700 யூரோ வித்தியாசத்தில்தான் பேரம்.

அந்த மொத்தச் செலவில் எஞ்சின் விலையை மட்டும் போட்டால் ஏமாந்துபோவீர்கள். புதிய ஹோஸ்கள், எஞ்சின் தாங்கும் ரப்பர்கள், எக்ஸாஸ்ட், கூலன்ட், கழற்றிப் பூட்டும் கூலி, கார்புரேட்டர் சமன்செய்தல், சோதனைப் பறப்பு, காகித வேலை எல்லாம் சேரும். புரொப்பெல்லருக்கு மணியிலும் ஆண்டிலும் தனி வரம்பு உண்டு. எஞ்சின் மாற்றும்போது அதுவும் ஓவர்ஹாலுக்கு நெருங்கியிருந்தால் சேர்த்தே கணக்கிடுங்கள். கழற்றிய பழைய எஞ்சினைச் சான்றிதழ் தேவைப்படாத விமானம் கட்டுவோர் வாங்குவார்கள், அதைக் கழித்துக்கொள்ளலாம். ரோட்டாக்ஸை ஓவர்ஹாலுக்கு அனுப்புவதா, புதிதாக வாங்குவதா என்பதற்கு இரண்டு விலைப்பட்டியலும் வாங்குங்கள். ஓவர்ஹால் விலை புதியதன் விலையை நெருங்குவதால் பலர் புதியதையே எடுக்கிறார்கள்.

டி.பி.ஓ.-வைத் தாண்டி ஓட்ட உங்கள் நாட்டில், உங்கள் பயன்பாட்டுக்கு அனுமதி இருந்தால் 14,700 முழுவதையும் கழிக்கச் சொல்வது நியாயமாகாது. சோதனைகள் நன்றாக வந்திருந்தால் பாதிவரை விட்டுக்கொடுக்கலாம். சோதனைக்கே விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் ஒரு யூரோகூட விட்டுக்கொடுக்காதீர்கள். அதே சமயம், தாண்டி ஓட்டுபவர் எஞ்சின் மாற்றும் முழுத்தொகையையும் கையில் வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டுச் சோதனையில் ஒரு சிலிண்டர் கசிந்தாலே அந்தச் செலவு வந்து நிற்கலாம்.

முன்பணம் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எஞ்சினின் முழு மாடல் பெயர், வரிசை எண், முதல் ஓட்டத் தேதி, கடைசி ரப்பர் மாற்றிய தேதி, வான்தகுதி ஆணைகளின் நிலைப்பட்டியல். இவற்றில் எது தவறென்று தெரிந்தாலும் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற வரியும் வேண்டும். விமானத்தை எடுத்துச் செல்லும் நாளில் மணிமானியையும் எஞ்சினில் பொறித்த எண்ணையும் படமெடுத்து, இருவரும் கையெழுத்திட்ட தாளோடு இணைத்து வையுங்கள்.